திங்கள் காலை பத்து மணி வரை

"பெட்டியில் இருக்கும் பச்சைப் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள்."

ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது இந்த ஒரு வாக்கியம்தான். மூச்சு விடாமல் சொல்லிவிடலாம். இதைச் சொல்வதற்கென்று எங்கள் மென்பொருள் திட்டத்தில் ஊடகக் குழு என்று ஒன்று இருந்தது. அதில் நானும் இருந்தேன்.

குழுவுக்கு ஆள் கேட்டபோது நான் கழிப்பறையில் இருந்தேன். எங்கள் நாட்டுச் சங்கங்களில் பதவிகள் பெரும்பாலும் இப்படித்தான் நிரம்புகின்றன. திரும்பி வந்தால் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

என் பெயர் ஹெட்விக். ஆமர்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எலும்பை உடைத்துக்கொண்ட வயதானவர்களை மறுபடி நடக்க வைப்பது என் பிழைப்பு. நிரல் எழுதத் தெரியாது. ஆனால் க்ளேப்பல் என்றால் என்னவென்று தெரியும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கான மென்பொருள் அது. கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும், கூடத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். விழுந்தால் கழுத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். மகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாருடைய எண்ணைக் கொடுத்திருக்கிறார்களோ அவர்கள் கைபேசி எல்லாம் அலறும். திறந்த மூலநிரல். காசு கிடையாது, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். என் அப்பாவுக்கு நான்தான் மாட்டிவிட்டேன். அந்த நன்றிக்காக அதன் கையேட்டை மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்க வேண்டும்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள். கோடை நேரத்துக்காக மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவோம் இல்லையா, அதற்கு அப்பாவின் பெட்டி சரியாக இருக்கிறதா என்று தேதியைத் தள்ளி வைத்து ஒத்திகை பார்த்தேன். கழுத்துப் பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். ஊகூம். அழைப்பு ஒரு மணி நேரம் பழையது என்று பெட்டி தானாகவே முடிவு கட்டி, அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. இலையுதிர் காலத்தில் வந்த பதிப்பில் புகுந்த கோளாறு. சொன்னேன். தலைமை நிரலாளன் யோரிஸ் அன்றைக்கே சரிசெய்துவிட்டான், அதில் குறை சொல்ல முடியாது. பெட்டியில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் திருத்திய பதிப்பை அது இறக்கிக்கொள்ளும்.

"அப்போ எல்லாருக்கும் தகவல் அனுப்பிடலாமே?" என்றேன்.

"யாருக்கு?"

"பயன்படுத்தறவங்களுக்குத்தான்."

"அவங்க யாருன்னு நமக்குத் தெரியாதே!" யோரிஸின் முகத்தில் பெருமை பொங்கியது. "பேரு கேக்க மாட்டோம், முகவரி கேக்க மாட்டோம், கேக்காம அவங்க பெட்டிய தொட மாட்டோம். பெரிய கம்பெனிக்காரன் மாதிரி அடுத்தவன் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறவங்களா நாம?"

கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் அதற்கப்புறம் மிச்சம் இருக்கும் வழி பத்திரிகையும் வானொலியும்தான். நானே ஒரு நாளிதழுக்குத் தொலைபேசினேன். "உங்க ஊடகக் குழுவோட அறிக்கை இருந்தா அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்கள். குழுத் தலைவர் கெர்பிரான்ட்டிடம் போனேன். பகலில் அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நற்பெயர் ஆலோசகர். ஊடகக் குழு எங்கள் திட்டத்தின் ஆண்டு மாநாட்டில்தான் கூடும் என்றார். மாநாடு மார்ச் கடைசி வெள்ளியும் சனியும், உட்ரெக்ட் நகரில். அதற்கு அடுத்த நாள் விடிவதற்குள் கடிகாரம் மாறிவிடும்.

"அதுக்குள்ள முடிச்சிடலாம்மா. ஏன் பதறுற?" என்றார்.

வெள்ளி மதியம் மாநாட்டு அரங்கின் பின்னறையில் கூடினோம். வெளியே மழை. காபி வந்தது. பிஸ்கட் டப்பா ஒரு சுற்று வந்தது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம், டப்பா மூடப்பட்டது. பிறகு கருத்துச் சுற்று. மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் வரிசையாகப் பேசி முடிக்காமல் எங்கள் ஊரில் ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டார்கள். ஒருவர் வரும் வழியில் ரயில் நின்றதைச் சொன்னார். இன்னொருவர் தனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதை நீளமாக விளக்கினார். என் முறை வந்தது. என் வாக்கியத்தைச் சொன்னேன்.

"ரொம்ப நல்லா இருக்கு ஹெட்விக்," என்றார் கெர்பிரான்ட். "மனசத் தொடுது. ஆனா இதுல கதை எங்க இருக்கு?"

"கதையெல்லாம் இல்லைங்க. பொத்தான அழுத்தணும், அவ்வளவுதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். கோளாறுன்னு ஆரம்பிச்சா ஜனங்க பயந்துடுவாங்க. பயந்துட்டா நம்ம மேல நம்பிக்கை போயிடும். நம்பிக்கை போச்சுன்னா நாம சொல்ற பொத்தான யாரு அழுத்துவா? ஆக, ஜனங்க பொத்தான அழுத்தணும்னா, நாம பொத்தானப் பத்திப் பேசவே கூடாது."

தலைகள் ஆடின. ஒருத்தர் குறித்துக்கொண்டார்.

அறிக்கையின் தலைப்பு முடிவானது: க்ளேப்பலுக்குப் பத்து வயது. கோளாறு என்ற சொல்லை எடுத்துவிட்டு 'காலத்தோடு கைகோக்கும் புதிய அனுபவம்' என்று போட்டார்கள். பிறகு என் வாக்கியத்தின் மேல் பாய்ந்தார்கள். பச்சை என்று சொல்லக் கூடாது, நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் மனம் புண்படும் என்றார் ஒருவர். 'அழுத்துங்கள்' என்பது கட்டளை, விடுதலை மென்பொருளில் கட்டளைக்கு இடமில்லை என்றான் யோரிஸ். 'ஒரு தடவை' என்றால் இரண்டாம் தடவை அழுத்த உரிமை இல்லையா என்றார் மற்றொருவர். சாயங்காலம் ஆவதற்குள் என் வாக்கியம் இப்படி ஆகிவிட்டது: "சமூகத்தினர் தங்கள் வசதிக்கேற்ப முதன்மைப் பொத்தானுடனான உறவைப் புதுப்பித்துக்கொள்வதைப் பரிசீலிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்." அதுவும் கடைசிப் பக்கத்தில், புரவலர் பெயர்களுக்குக் கீழே.

"சரி, எதையோ ஒன்னப் போட்டுத் தொலைங்க. எப்போ வெளியிடுவீங்க?" என்றேன்.

"திங்கட்கிழமை காலைல பத்து மணி."

"ஐயா, ஞாயித்துக்கிழமை கடிகாரம் மாறுது. ஞாயித்துக்கிழமையே அந்தப் பெட்டி செத்துப்போயிடும்!"

"ஞாயித்துக்கிழமை யாரும்மா செய்தி படிக்கறா?" கெர்பிரான்ட் பொறுமையாகப் புன்னகைத்தார். "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். திங்கள் பத்து மணிதான் நல்ல நேரம். நிருபர்களுக்கு நாளைக்கே குடுத்துடுவோம். ஆனா திங்கள் பத்து மணி வரைக்கும் ரகசியம். ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது."

பக்கத்தில் யோரிஸ் டொக்கு டொக்கென்று தட்டச்சு செய்துகொண்டிருந்தான். கூட்டத்தில் பேசியது அத்தனையும் அப்போதைக்கப்போதே திட்டத்தின் இணையப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் விதி அப்படி. எல்லாம் வெளிப்படை.

"ரகசியம்னு சொல்லிட்டு இவன் ஊருக்கே தெரியற மாதிரி எழுதறானே?" என்றேன்.

"நாம யாருக்கும் சொல்லத்தான் மாட்டோம். யாரு வேணா வந்து படிச்சுக்கலாம்," என்றான் யோரிஸ். "சொல்லாம இருக்கறது வேற, மறைக்கறது வேற. நாம எதையும் மறைக்கறதில்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

எண்பது வயதுக் கிழவி எந்த இணையப் பக்கத்தில் போய் எந்தக் குழுவின் கூட்டக் குறிப்பைப் படிப்பாள் என்று கத்தினேன். என் எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது. ஹெட்விக்கின் எதிர்ப்பையும் உள்ளடக்கிய ஒருமித்த முடிவு என்று எழுதினார்கள். பிஸ்கட் டப்பா இரண்டாம் முறை திறக்கப்படவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் அரங்கு மேசைக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் ஆப்பிள் பணியாரம் நிறைந்த பெட்டி. பெயர் மைன்டெர்ட், பக்கத்தில் வூர்டன் என்ற ஊரில் தனியாக இருக்கிறார், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கழுத்தில் எங்கள் பொத்தான் தொங்கியது.

"போன குளிர்காலத்துல குளியலறைல வழுக்கி விழுந்துட்டேன். இத அழுத்தினேன், பக்கத்து வீட்டு ஆல்ட்யெ ரெண்டு நிமிஷத்துல வந்துட்டா. துண்டுகூட இல்லாம கெடந்தேன், அவ இன்னைக்கு வரைக்கும் அதச் சொல்லிச் சிரிக்கறா," என்றார். "யாரு இத செஞ்சதுன்னு தெரியல. அதான் பாத்து நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயா, உங்க பெட்டில ஒரு..." என்று தொடங்கினேன். அதற்குள் கெர்பிரான்ட் பாய்ந்து வந்தார்.

"மனித முகம்!" என்றார். "ஹெட்விக், நமக்கு மனித முகம் கெடச்சாச்சு!"

பெரியவரின் தோளில் கை போட்டுப் பின்னறைக்குக் கூட்டிப் போய்விட்டார். அவருக்கு எங்கள் சின்னம் போட்ட சட்டை மாட்டினார்கள், எண்ணெயில் பொரித்த கரோக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள், விழுந்த கதையைத் துண்டு விஷயத்தோடு சேர்த்துச் சொல்லப் பழக்கினார்கள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன். கெர்பிரான்ட் வாசலிலேயே மறித்தார்.

"அவருகிட்ட ஒன்னும் சொல்லாத. அவரு இப்போ நிகழ்ச்சில ஒரு அங்கம். ரகசியம் அவருக்கும் பொருந்தும்."

"அவரோட பெட்டிங்க அது! அவரோட உசிரு!"

"அதனாலதான்மா சொல்றேன். விஷயம் தெரிஞ்சா மூஞ்சில தெரிஞ்சிடும். நமக்கு வேண்டியது நிம்மதியான மூஞ்சி."

கதவு மூடியது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு. இவர் கெட்டவராக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கெட்டவர் இல்லை. பெரியவருக்குத் தொட்டுக்கொள்ளக் கடுகுச் சாந்து போதுமா என்று உள்ளே அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

மதியம் மூன்று மணிக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு. பெரிய கூடம், வரிசை வரிசையாக நாற்காலி. வந்த பத்திரிகையாளர் ஒருவர். வூர்டன் உள்ளூர் வானொலியிலிருந்து லோட்டெ என்ற பெண், தோளில் ஒலிப்பதிவுக் கருவி. மற்ற நாற்காலிகளில் குழுவினரின் மனைவிமார், கணவன்மார், மழைக்கு ஒதுங்கிய சிலர்.

திட்டத்துக்குப் பிறந்தநாள் அல்லவா, எனவே முதலில் நாற்காலிகளை வட்டமாக நகர்த்தினார்கள். பிறந்தநாள் என்றால் பிறந்தவரை மட்டும் வாழ்த்திவிட்டு உட்கார எங்களால் முடியாது; அம்மாவை, மாமனை, அண்டை வீட்டாரை, எல்லோரையும் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். ஒரு மென்பொருளுக்கு மாமன் யார் என்பதில் தெளிவு இல்லாததால் எல்லோரும் எல்லோரையும் வாழ்த்தினார்கள். "க்ளேப்பலுக்காக உங்களுக்கு வாழ்த்துகள்", "க்ளேப்பலுக்காக உங்களுக்கும்". லோட்டெ கையைக் கொடுத்துக் கொடுத்துக் களைத்துப் போனாள். காரை நிறுத்தக் காசு கட்டிய நேரம் முடியப் போகிறது என்றாள். அவளுக்கும் வாழ்த்துச் சொன்னார்கள்.

பிறகு கெர்பிரான்ட் பேசினார். "நண்பர்களே, க்ளேப்பல் ஒரு மென்பொருள் இல்ல. அது ஒரு மனநிலை. நாம யாரையும் பின்தொடர மாட்டோம். யாரு விழுந்தாங்க, யாரு எழுந்தாங்கன்னு நாம கேக்கறதே கெடையாது. அந்த அளவுக்கு நாம மக்கள மதிக்கறோம்."

கைதட்டல். லோட்டெ கை தூக்கினாள்.

"இதுல புதுசா என்னங்க செய்தி? எங்க நிகழ்ச்சி இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு. பழைய பாட்டு போடுவோம். கேக்கறவங்க பாதிப் பேரு எழுபத தாண்டினவங்க. அவங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லுங்க, நடுவுல போட்டுடறேன்."

நான் கெர்பிரான்ட்டைப் பார்த்தேன். கடவுளே இறங்கி வந்து காலடியில் வைத்த மாதிரி இருந்தது. தனியாக இருக்கும் முதியவர்கள், கடிகாரம் மாறுவதற்கு முந்தைய சாயங்காலம், ஒலிவாங்கி நீட்டியபடி நிற்கும் பெண்.

"அருமையான கேள்வி," என்றார் கெர்பிரான்ட். "பதில் திங்கள் காலை பத்து மணிக்கு."

நான் எழுந்தேன். வட்டத்தின் நடுவில் போய் நின்று, "பெட்டியில இருக்கற பச்சைப் பொத்தான இன்னைக்கே அழுத்துங்க. அழுத்தலேன்னா நாளைலேருந்து மணி அடிக்காது. விழுந்தா யாரும் வர மாட்டாங்க," என்றேன்.

யோரிஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். "இது குழுவோட வாக்கியம் இல்ல."

மைன்டெர்ட் மெல்ல எழுந்தார். எங்கள் சட்டை அவருக்கு இறுக்கமாக இருந்தது. "என் பெட்டியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க ஐயா. உங்களோடதும்தான்."

"இவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"காலைலேருந்து என்ன உக்கார வச்சு, சட்டை மாட்டி, தின்னக் குடுத்து, துண்டு கதைய ஒன்பது தடவ சொல்லச் சொன்னீங்களேடா," என்றார் கெர்பிரான்ட்டைப் பார்த்து. "ஒருத்தன் வாயிலேருந்து இது வரலியே. அடிக்காத மணிய மாட்டிக்கிட்டுப் பல்லக் காட்டவா என்ன நிக்க வச்சீங்க? நீங்கெல்லாம் மனுஷங்களா?"

கழுத்திலிருந்து பொத்தானைக் கழற்றி மேசைமேல் விட்டெறிந்தார். சட்டையையும் கழற்றிப் போட்டார். உள்பனியனோடு நின்று கோட்டை மாட்டிக்கொண்டு, ஆப்பிள் பணியாரப் பெட்டியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

"வாம்மா," என்றார் லோட்டெயிடம். "உன் கார்ல எடம் இருக்கா?"

சாயங்காலம் ஆறு மணிக்கு ரயிலில் உட்கார்ந்து கைபேசியில் அந்த வானொலியைக் கேட்டேன். ஒரு பாட்டு முடிந்து மைன்டெர்ட்டின் குரல் வந்தது. "நான் மைன்டெர்ட். முன்னாடி பஸ் ஓட்டினவன். பெட்டியில இருக்கற பச்சைப் பொத்தான அழுத்துங்க. இப்பவே எந்திரிச்சுப் போய் அழுத்துங்க, நான் இங்கயே இருக்கேன்." பாட்டுப் போடாமல் கொஞ்ச நேரம் விட்டார்கள். பிறகு, "அழுத்தியாச்சா? சரி," என்றார்.

வூர்டனில் அன்றிரவு எல்லாப் பெட்டியும் திருந்தியிருக்கும். ஆனால் அந்த வானொலி வூர்டனைத் தாண்டிக் கேட்காது. நான் தேசிய வானொலியைக் கூப்பிட்டேன், செய்தி நிறுவனத்தைக் கூப்பிட்டேன். எங்கள் அறிக்கை அவர்களிடம் இருந்தது, மேலே திங்கள் பத்து மணி வரை வெளியிடக் கூடாது என்றும் இருந்தது. குழுத் தலைவரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கேட்டார்கள். அவர் திங்கள் பத்து மணி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குழு அவசரமாக இணையத்தில் கூடியது. எதற்கென்று நினைக்கிறீர்கள்? ரகசியம் மீறப்பட்டதற்கு. கருத்துச் சுற்று நடந்தது. மைன்டெர்ட் திட்டத்தின் ஒழுங்கு விதிகளை மீறிவிட்டதாகவும், அவர் மனித முகமாகத் தொடர முடியாது என்றும் முடிவானது. அவர் எறிந்துவிட்டுப் போன பொத்தானை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். கண்ணாடிப் பேழையில் வைத்து அடுத்த மாநாட்டில் காட்டலாம் என்றார் கெர்பிரான்ட்: 'பயனர் ஒருவரின் நெகிழ்ச்சியான அன்பளிப்பு'. பயனர் என்ற சொல்லுக்கு யோரிஸ் எதிர்ப்புத் தெரிவித்தான். சமூகத்தினர் என்று மாற்றினார்கள். என்னைக் குழுவிலிருந்து நீக்கவில்லை. நீக்க ஒருமித்த கருத்து வேண்டுமாம். நான் சுற்றில் பேச மறுத்துவிட்டதால் சுற்று முடியவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்கு அறிக்கை வந்தது. க்ளேப்பலுக்குப் பத்து வயது. இரண்டு இணைய இதழ்கள் கேக் படத்தோடு போட்டன. கெர்பிரான்ட் குழுவுக்கு நன்றி தெரிவித்தார்.

மதியம், குறைகளைப் பதிவிடும் பக்கத்தில் ஒரு பெண் எழுதியிருந்தாள். வடக்கே கடற்கரை ஊரான டென் ஹெல்டரிலிருந்து யானெக்கெ. ஞாயிறு காலை அவள் அம்மா குளியலறையில் விழுந்திருக்கிறார். பொத்தானை அழுத்தியிருக்கிறார். அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். யாருடைய கைபேசியும் அடிக்கவில்லை. திங்கள் காலை வீடு துடைக்க வந்த பெண்தான் பார்த்திருக்கிறாள். இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது, இன்னும் பேச்சு வரவில்லை. ஏன் மணி அடிக்கவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள்.

கீழே யோரிஸ் பதில் எழுதியிருந்தான்: "தெரிவித்தமைக்கு நன்றி. இது ஏற்கெனவே பதிவான குறை, மார்ச் தொடக்கத்திலேயே சரிசெய்யப்பட்டுவிட்டது. எனவே இந்தப் பதிவை முடித்துவைக்கிறேன்." அதற்கு கெர்பிரான்ட் ஒரு இதயப் படம் போட்டிருந்தார்.

அவள் எண்ணைத் தேடிப் பிடித்து நான் கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னேன். அந்த வயதில் இடுப்பு உடைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் சீக்கிரம் நடந்துவிடுவார் என்றெல்லாம் சொல்ல நாக்கு வரவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றாள்.

"மாசத் தொடக்கத்துலயே."

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் யாரோ வண்டி தள்ளிப் போகும் சத்தம் கேட்டது.

"போன வாரம் அம்மாவுக்குப் பிறந்தநாள்," என்றாள். "எல்லாரும் வந்திருந்தோம். வட்டமா நாற்காலி போட்டு உக்காந்து கேக் சாப்பிட்டோம். எனக்கு எடம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலதான். என் காபிக் கோப்பைய அது மேலதான் வச்சிருந்தேன்."